ஓர் இஞ்சுக்கு ஒரு கட்டை

நாலரை டன் இரும்பை நகர்த்த ஐந்து பேர் போதும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. மூன்று பைப்பு உருளை, இரண்டு கடப்பாரை, கையால் சங்கிலி இழுத்துக் கனம் நகர்த்துகிற ஒரு செயின் பிளாக், ஒரு ஜாக்கி, கொஞ்சம் ரயில்வே கட்டை, ஒரு நல்ல கயிறு. எல்லாம் சேர்ந்தும் என் மினி வேனில் பாதி இடத்தைக்கூட அடைக்காது. உடம்பில் பலம் இருக்கிறவனை நான் தேடிப்போய் வேலைக்குச் சேர்ப்பதில்லை. பலசாலி அவசரப்படுவான். எனக்கு வேண்டியது பொறுமைசாலி.

இன்ஸ்பெக்டர் சார், வாக்குமூலத்தை இப்படியா தொடங்குவது என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் தெலுங்கு நன்றாகப் பேசுவேன், எழுத வராது. ஆந்திராவில் நாகலாபுரம் பக்கம் பிறந்தாலும் ஊத்துக்கோட்டையில் தமிழில் பத்தாவது வரை படித்தவன். தமிழிலேயே எழுதிக் கொடு, தெலுங்கில் மாற்ற ஆள் இருக்கிறது என்று உங்கள் ரைட்டர் சொன்னார். மாற்றுகிறவருக்கு எங்கள் வேலை புரியாவிட்டால் நான் செய்ததும் புரியாது. அதனால் வேலையிலிருந்து தொடங்குகிறேன்.

என் பெயர் விஜயராகவன், வயது ஐம்பத்து நாலு. ரேணிகுண்டாவில் மெஷின் இடம் மாற்றுகிற கேங்குக்கு மேஸ்திரி. பட்டறைகளில் இருந்து பழைய லேத்தைக் கிளப்பி லாரியில் ஏற்றுவது, ஸ்ரீசிட்டி கம்பெனிகளில் புது மெஷினை இறக்கி அதன் இடத்தில் உட்கார வைப்பது, இதுதான் தொழில். கிரேன் நுழைய முடியாத இடத்துக்கெல்லாம் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் என் கேங்கில் ஒருவனுக்கும் விரல் நசுங்கியதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு. உண்டு என்று எழுதுவது தப்பு. இருந்தது.

எடையோடு பழகுகிறவனுக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். ஜாக்கியை நம்பி ஒன்றின் கீழே கை விடக்கூடாது. ஜாக்கி எப்போது வேண்டுமானாலும் காலை வாரும், கட்டை வாராது. ஆகவே ஓர் இஞ்சு தூக்கினால் உடனே ஓர் இஞ்சுக் கட்டையை உள்ளே தள்ள வேண்டும். அப்புறம்தான் அடுத்த இஞ்சு. எங்கள் வாயில் இது ‘இஞ்சுக்கு ஒரு கட்டை’. புதிதாக வருகிறவன் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் என்னைக் கிண்டல் செய்வான். பரவாயில்லை, விரல் பத்தும் இருக்கிறவன்தானே கிண்டல் செய்ய முடியும்.

இன்னொன்று பின்கயிறு. லாரியில் ஏற்றும்போது கட்டைகளை அடுக்கிச் சரிவு கட்டுவோம். அதன் மேல் உருளைகளை வைத்து, மெஷினை முன்னாலிருந்து செயினால் இழுப்போம். அது பின்னால் உருண்டுவிடாமல் இருக்க, ஒரு கயிற்றை மெஷினில் கட்டி, கீழே ஏதாவது ஒரு தூணில் சுற்றிப் பிடித்திருப்போம். கனத்தைப் பொறுத்து இரண்டு சுற்று, மூன்று சுற்று. அந்தக் கயிற்றைக் கட்டுகிறவர் மேஸ்திரி. வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. மேஸ்திரி கட்டிய கயிற்றை இன்னொருவன் இழுத்துப் பார்த்தால், உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ரேணிகுண்டாவிலிருந்து தடா வரை எந்த கேங்கைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். முட்டாள்தனமான வழக்கம் என்று இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு என் மரியாதை முழுக்க அந்தக் கயிற்றில் இருந்தது.

யதிராஜ் என்னிடம் பதினொரு வருஷம் வேலை செய்தவன். நாற்பத்தொரு வயது. முட்டுக்கட்டை போடுவது அவன் வேலை. மெஷின் மேலே ஏற ஏற, பக்கவாட்டில் நடந்து வந்து உருளைக்குப் பின்னால் கட்டை செருகிக்கொண்டே வர வேண்டும். அதிகம் பேச மாட்டான். என் கேங்கில் எனக்கு மிகவும் பிடித்தவன் அவன்தான் என்று எழுதினால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆவணி மாதம். விபத்துக்கு முதல் நாள் ஸ்ரீசிட்டியில் ஒரு பிரஸ் மெஷினை இறக்கிக்கொண்டிருந்தோம். அந்தக் கம்பெனி என்ஜினியர் நீரஜா மேடம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்கயிற்றைச் சுற்றிவிட்டு இந்தப் பக்கம் வந்தேன். யதிராஜ் போய் அதில் கை வைத்தான். இழுத்துப் பார்த்தான்.

“இன்னோரு சுத்து போட்டுக்கலாம் மேஸ்திரி, கனம் ஜாஸ்தி கீது” என்று சொல்லி அவனே சுற்றினான்.

மேடத்துக்கு ஒரே சந்தோஷம். இப்படித்தான் ஒருவர் செய்வதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி, கயிற்றுக்குப் பக்கத்தில் அவனை நிற்க வைத்து போட்டோ எடுத்தார். பாதுகாப்புப் பலகையில் ஒட்டுவதாகச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். அவன் சுற்றியது சரி என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த எடைக்கு மூன்று சுற்று வேண்டும். பேச்சு மும்முரத்தில் நான் இரண்டோடு விட்டிருந்தேன்.

திரும்பும்போது தடாவில் டீ குடிக்க இறங்கினோம். அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“இன்னோரு தபா என் கயித்துல கை வெச்சின்னா, மறுநாள் வேலைக்கு வராத.”

“சரி மேஸ்திரி” என்றான். பன்னை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். அவன் முறைத்திருந்தால், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் என் கோபம் அங்கேயே தணிந்திருக்கும். அவன் இரண்டாவது பன் வாங்கினான்.

மறுநாள் ரேணிகுண்டாவில் ஒரு பட்டறை. நாலரை டன் லேத்தை லாரியில் ஏற்ற வேண்டும். நான், யதிராஜ், செயின் இழுக்க யஸ்வந்த், அன்றைய கூலிக்கு வந்த இரண்டு பேர். காலை பத்தரை மணி இருக்கும். ஷெட்டின் இரும்புத் தூணில் பின்கயிற்றை இரண்டு சுற்றுதான் சுற்றினேன். இந்த முறை மறதி இல்லை. இரண்டு சுற்றே தாங்கும் என்று ஒருவனுக்குக் காட்ட வேண்டியிருந்தது. யதிராஜ் தூணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் முட்டுக்கட்டையை எடுத்துக்கொண்டு சரிவுப் பக்கம் போனான்.

பாதிச் சரிவில் செயினின் நீளம் முடிந்துவிடும். அதைத் தளர்த்திக் கழற்றி, இன்னும் முன்னால் மாட்ட வேண்டும். அந்த இரண்டு நிமிஷம் கனம் முழுவதும் பின்கயிற்றில் உட்காரும். நான் யஸ்வந்தைப் பார்த்து “தளத்து” என்றேன். அவன் தளர்த்தினான். தூணில் கயிறு அரை அடி வழுக்கியது. அரை அடிதான். ஆனால் உருளை மேல் இருக்கும் நாலரை டன்னுக்கு அது போதும். முட்டுக்கட்டை தெறித்தது, லேத் திரும்பிச் சரிவை விட்டுப் பக்கவாட்டில் சாய்ந்தது. யதிராஜ் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றிருந்தான். அங்கேயே அது விழுந்தது.

இடுப்புக்குக் கீழே முழுவதும் உள்ளே. சரிந்த கட்டைகள் கனத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டதால் அவனுக்கு உயிரும் நினைவும் இருந்தன. முதலில் அவனிடம் போய்ச் சேர்ந்தது நான்.

“கயிறு வழுக்கிச்சு மேஸ்திரி. ரெண்டு சுத்துதான் இருந்துச்சு” என்றான். குற்றம் சொல்கிற குரல் இல்லை. கேட்டால் தகவல் சொல்கிற மாதிரி சொன்னான்.

அந்தக் கணத்தில் இவன் பிழைப்பானா என்று நான் யோசிக்கவில்லை. இவன் இதை நீரஜா மேடத்திடம் சொல்வான் என்று யோசித்தேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் வரிசை அதுதான்.

கூலிக்கு வந்த இருவரும் கடப்பாரையோடு ஓடி வந்து நெம்பப் பார்த்தார்கள். தடுத்தேன். கடப்பாரை வழுக்கினால் மெஷின் மறுபடியும் அவன் மேலேயே உட்காரும். நான் சொன்னது சரி. அதன் பிறகு நான் சொன்ன எல்லாமே சரிதான், சார். சாய்ந்த எடையைத் தூக்குவதற்கு முன்னால் அது மேலும் சாயாமல் கட்ட வேண்டும். அதற்குக் கயிறு வேண்டும். தூணிலிருந்து பின்கயிற்றை நானே அவிழ்த்துக் கொண்டுவந்து லேத்தை லாரியோடு சேர்த்துக் கட்டினேன். ஏழு நிமிஷம் ஆனது. தூணில் எத்தனை சுற்று இருந்தது என்பதற்கு அதன் பிறகு எந்த அடையாளமும் இல்லை.

பட்டறை சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டு “தொந்தரகா மேஸ்திரி, தொந்தரகா” என்று அவசரப்படுத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். நான் “மெல்லகா சார், மெல்லகா” என்றேன். அந்தப் பதற்றத்தில் பதறாத ஒரே ஆள் நான்தான் என்று அவர் பிற்பாடு உங்களுக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். கிரேனுக்குப் போன் போட்டார்கள். திருப்பதியிலிருந்து வர ஒரு மணி நேரம் என்றார்கள்.

அவனை வெளியே எடுக்க நாலு இஞ்சு தூக்கினால் போதும். இரண்டு ஜாக்கி இருந்தால் இரண்டு முனையிலும் வைத்து ஒன்றாகத் தூக்கலாம், பத்து நிமிஷ வேலை. ஒரே ஜாக்கி என்றால் ஒரு முனையில் ஓர் இஞ்சு தூக்கிக் கட்டை வைத்து, ஜாக்கியை இறக்கி, அடுத்த முனைக்குக் கொண்டுபோய், அங்கே ஓர் இஞ்சு தூக்கிக் கட்டை வைத்து, மறுபடியும் இந்த முனைக்கு வர வேண்டும். மொத்தம் எட்டுத் தடவை.

யஸ்வந்த் அழுதுகொண்டே கேட்டான், “மேஸ்திரி, இன்னோரு ஜாக்கி வண்டில கீதா?”

“இல்ல. திருப்பதில ரிப்பேருக்குக் குடுத்து கீறேன்.”

அது வேனில் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்தது. சாவி என் சட்டைப் பையில். வேன் இருபதடி தூரத்தில் நின்றது.

இஞ்சுக்கு ஒரு கட்டை என்று தொடங்கினோம். ஜாக்கிக்கு அடியில் இரும்புத் தகடு போட்டேன், தரை உள்வாங்காமல் இருக்க. ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பார்த்து வைத்தேன். யஸ்வந்த் அழுகையை நிறுத்தவில்லை. யதிராஜ் அவனைப் பார்த்து “அழுவாத டா, மேஸ்திரி பார்த்துக்குவாரு” என்றான். நாலாவது தடவையின்போது 108 வந்துவிட்டது. அதில் வந்த பையன் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, கனத்தைத் திடீரென்று எடுத்தால் ஆபத்து, மெதுவாகவே எடுங்கள் என்றான். நான் அவனை நன்றியோடு பார்த்தேன். அதற்குப் பிறகு யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

மொத்தம் முப்பத்தெட்டு நிமிஷம். அந்தப் பையனின் காகிதத்தில் எழுதியிருக்கிறது. வெளியே எடுத்தபோது யதிராஜுக்கு மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், கரகம்பாடி ரோட்டில் நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரி டாக்டர், சீக்கிரம் எடுத்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் தூங்கினேன். பத்தே நிமிஷத்தில் எடுத்திருந்தால் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பத்தாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். அவன் மனைவி தாட்சாயணி எல்லோர் முன்னாலும் என் காலில் விழுந்தாள். “கடைசி வரிக்கும் கூடவே இருந்தீங்களே அண்ணா. நீங்க இல்லன்னா அந்த மூச்சு கூட இருந்திருக்காது” என்றாள். நான் அவள் தோளைத் தொட்டுத் தூக்கிவிட்டேன். மறுநாள் வேலைக்குப் போனேன்.

அதற்கு அடுத்த மாதம் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில், கனமான பொருட்களைப் பத்திரமாகக் கையாள்வது எப்படி என்று பேசக் கூப்பிட்டார்கள். போனேன். பொறுமையைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். கை தட்டினார்கள்.

இப்போது யஸ்வந்த் விஷயம். மெஷின் எப்படிச் சறுக்கியது என்று போலீஸ் கேட்டபோது, செயினை ஒரு இழுப்புத் தளர்த்தச் சொன்னேன், அவன் பதற்றத்தில் மொத்தமாக விட்டுவிட்டான் என்று சொன்னேன். அவன் சரியாகத்தான் தளர்த்தினான். ஆனால் எத்தனை இழுப்பு இழுத்தோம் என்று யாருக்குத்தான் நினைவிருக்கும்? அவனுக்கும் இல்லை. மேஸ்திரி சொல்கிறார் என்றால் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பிவிட்டான். நான் சொன்னால் நம்புகிறவர்களாகப் பார்த்துத்தானே கேங் சேர்த்தேன்.

வருகிற புதன்கிழமை திருப்பதி கோர்ட்டில் அவன் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறான். ஒப்புக்கொள்ளாதே என்று வக்கீல் சொல்கிறாராம், இவன் கேட்கவில்லை. போன வாரம் அவன் மனைவி அகிலா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “சரியா துன்றதே இல்ல அண்ணா. யதிராஜ் அண்ணன நான்தான் சாவடிச்சேன்னு சொல்லிக்கினே கீறாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு” என்றாள்.

போனேன். பாயில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முப்பத்திரண்டு வயது ஆள், பாதியாகிப் போயிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அந்த மரியாதை என்னைக் கொன்றது.

“மேஸ்திரி, நான் மொத்தமா வுட்டத நீங்க கண்ணால பார்த்தீங்க இல்ல?” என்று கேட்டான்.

இல்லை என்று சொல்லத்தான் போயிருந்தேன். வாய் “பார்த்தேன்” என்றது. அவன் தலையை ஆட்டினான். ஏதோ அதுவரை கொஞ்சம் சந்தேகம் வைத்திருந்தவன் போலவும், அதையும் நான் வாங்கிக்கொண்டது போலவும் இருந்தது. அகிலா உள்ளே எனக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். குடிக்காமல் எழுந்து வந்தேன். ஒரு ஆளை முப்பத்தெட்டு நிமிஷத்தில் கொன்றேன். இவனை இரண்டு வருஷமாகக் கொன்றுகொண்டிருக்கிறேன். நேரில் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வராது என்று அன்று தெரிந்தது. அதனால்தான் உங்களிடம் காகிதம் கேட்டேன்.

யஸ்வந்த் மேல் தப்பு இல்லை. இரண்டு சுற்று சுற்றியது நான். ஜாக்கியை மறைத்தது நான். ஜாக்கி இன்னும் அதே சீட்டுக்கு அடியில் இருக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். வேலை செய்கிறது.

இங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பேன். எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். கயிற்றைப் பற்றி வெளியே சொல்லிவிடுவான் என்று பயந்து ஒருவனைச் சாகவிட்டேன் என்று இருக்கிறது. படிக்கிறவர் காறித் துப்பினாலும், பயந்தவன் என்று கொஞ்சம் புரிந்துகொள்வார். அந்தப் புரிதலுக்காகத்தான் அப்படி எழுதியிருக்கிறேன் போலிருக்கிறது. அது முழு உண்மை இல்லை.

ஆறாவது தடவை. யஸ்வந்தும் மற்ற இருவரும் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு அந்த முனைக்குப் போனார்கள். 108 பையன் வண்டிக்கு எதையோ எடுக்கப் போனான். நான் இந்த முனையில் யதிராஜின் தலைமாட்டில் அடுத்த தடவைக்கான கட்டையோடு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் தூரம் போகும் வரை அவன் காத்திருந்தான். அவர்கள் முன்னால் என்னைப் பொய்யன் ஆக்கக்கூடாது என்று, தன்னிடம் இருந்த நேரத்தில் இருபது நிமிஷத்துக்கு மேல் எனக்காகக் காத்திருந்தான். பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

“மேஸ்திரி, சீட்டுக்கு அடில ஜாக்கி கீறத காலைல பார்த்தேன். எடுத்துக்கினு வாங்க. கயிறு பத்தி நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்.”

பதினொரு வருஷத்தில் அவன் என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை. அவன் சொல்ல மாட்டான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பயம் அந்த நொடியே போய்விட்டது, சார். என்னைக் காப்பாற்றுகிற இடத்தில் அவன் இருந்தான் என்பது மட்டும் மிச்சம் இருந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை. நான் அவனிடம் “சரி” என்றேன். கையிலிருந்த கட்டையைத் திருப்பி, அளவு சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, அந்த ஒரே ஜாக்கி திரும்பி வந்து இந்த முனையைத் தூக்கியதும் நிதானமாக உள்ளே வைத்தேன்.